இட்டேரி வழக்கும் இருபது தேங்காயும்

வருசா வருசம் தைப் பொங்கலுக்கு மேக்காலத் தோட்டத்திலிருந்து கெழக்காலத் தோட்டத்துக்கு இருபது தேங்காய் போகும். எதற்காகப் போனது என்ற இடத்தில்தான் என் புரோகிராம் முட்டிக்கொண்டு நின்றது. நாலு மாசம் சனி, ஞாயிறு எல்லாம் உட்கார்ந்து எழுதியது. கம்ப்யூட்டரை நொந்து பிரயோஜனமில்லை. இரண்டு பக்கத்து வக்கீல்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். என் தாய்மாமன் தாராபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஒறம்பரை ஒருவருக்குத் தட வழக்கு. வழக்குக் கட்டைப் பார்த்துவிட்டு மாமாதான் கேட்டார்: "ஏம் மாப்ள, கணக்கெல்லாம் போடறீங்களே, இந்த வழக்க அதுல போட்டா என்ன சொல்லும்?" விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஆளும் இடமும் தெரியாமல் இருக்க விவரங்கள் சிலதை இங்கே மாற்றியிருக்கிறேன்.

வழக்கு இதுதான். 1984 ஜூனில் பாகப்பிரிவினை. அண்ணனுக்குக் கிழக்குப் பாதி, தம்பிக்கு மேற்குப் பாதி. தார் ரோடு கிழக்கே. மேக்காலத்துக்காரர், அதாவது எங்கள் ஒறம்பரை, வெளியே வர கெழக்காலத் தோட்டத்தின் வடக்கு ஓரமாகப் போகிற இட்டேரி ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகும், டிராக்டர் என்றால் ஒரு பக்கம் முள் உரசும். 2003 மார்ச்சில் கெழக்காலத்துப் பெரியவர் ஏதோ கோபத்தில் படல் கட்டிப் பூட்டிவிட்டார். ஏழு மாசம். அந்த ஏழு மாசமும் பக்கத்துக் கொறங்காட்டுக்குள் பூந்து போய் வந்திருக்கிறார்கள். அக்டோபரில் ஒரு கல்யாணத்தை முன்னிட்டுச் சமாதானமாகிப் படலை அவிழ்த்தார்கள். மறுக்கா 2023 மார்ச்சில், அடுத்த தலைமுறை, ஜேசிபி வைத்துக் குறுக்கே குழி வெட்டிவிட்டது. 2024 ஆகஸ்டில் மேக்காலத்துக்காரர் பிராது. நடுவில் 2019இல் மேற்குப் பக்கம் பஞ்சாயத்து ரோடு ஒன்று வந்து மேக்காலத் தோட்டத்தின் மூலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த மூலை ஞாபகத்தில் இருக்கட்டும்.

சட்டம் 1882ஆம் வருசத்து ஈஸ்மென்ட் சட்டம். ஈஸ்மென்ட் என்றால் அடுத்தவர் பூமியில் நமக்கிருக்கும் அனுபோக பாத்தியம். சென்னை மாகாணத்துக்கு அப்போதே அமலானது. இதன் 15ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. அடுத்தவர் நிலத்தில் ஒரு வழியை இருபது வருசம் சமாதானமாக, வெளிப்படையாக, உரிமையோடு, இடைத்தடையில்லாமல் அனுபவித்தால் அந்த வழி பாத்தியமாகிவிடும். அரசு நிலமென்றால் முப்பது வருசம். இந்த வாக்கியத்தைப் படித்ததும் புரோகிராம் எழுதுகிறவன் எவனுக்கும் கை அரிக்கும். நிபந்தனைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், விதிகளைக் கொடுத்தால் விடை தேடித் தரும் ப்ரோலாக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அப்படியே எழுதிவிடலாம் என்று தோன்றும்.

இது எனக்கு மட்டும் தோன்றிய எண்ணமல்ல. 1986இலேயே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலானவர்கள் பிரிட்டனின் 1981 குடியுரிமைச் சட்டத்தை ப்ரோலாக் விதிகளாக எழுதிக் காட்டினார்கள். அவர்கள் வழியிலேயே நானும் போனேன்.

தட_பாத்தியம்(_ஆள், _தடம்) :-
    அனுபவம்(_ஆள், _தடம், _வருசம்),
    _வருசம் >= 20,
    வெளிப்படை(_ஆள், _தடம்),
    சமாதானம்(_ஆள், _தடம்),
    உரிமையோடு(_ஆள், _தடம்),
    \+ இடைத்தடை(_ஆள், _தடம்).

மாமாவும் படிக்க வேண்டும் என்பதால் எல்லாமே தமிழில். ப்ரோலாக்கில் மாறி என்றால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அடிக்கோடு. தமிழில் பெரிய எழுத்து ஏது? முதல் ராத்திரி அடிக்கோடு போட மறந்துவிட்டேன். 'ஆள்' என்ற பெயரிலேயே ஒருத்தர் இருக்கிறாரா என்று தேடிப் பார்த்துவிட்டு, பொய் என்று பதில் சொன்னது.

அடுத்தது இன்னும் மோசம். சங்கதிகளை ஒரு விரிதாளில் அக்கா மகளை விட்டு அடிக்கச் சொல்லியிருந்தேன். அவள் பழைய மேசைக் கம்ப்யூட்டரில் பாதி, நான் லேப்டாப்பில் பாதி. 'தோட்டம்' என்று இருவருமே அடித்திருக்கிறோம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். புரோகிராமுக்கு இரண்டும் வேறு வேறு தோட்டம். சலித்துப்போய்க் குறியெண்களை அச்சிட்டுப் பார்த்தால் என்னுடையதில் 7, அவளுடையதில் 8. அவளுடைய கீபோர்டு ஓகாரக் குறியை இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக, அதாவது ஏகாரக் குறி ஒன்று, ஆகாரக் கால் ஒன்று என்று இரண்டாகப் போட்டிருக்கிறது. என்னுடையது ஒரே குறியாக. பைத்தான் மொழியில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒற்றை வரி போட்டதும் சரியாகிவிட்டது. தமிழில் தரவு வைத்துக்கொள்கிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

நிலத்தின் அடையாளத்துக்கு மாவட்டம், தாலுகா, ஊர், சர்வே எண் என்று நாலையும் சேர்த்து வைத்திருந்தேன். அதுவும் காலை வாரியது. அப்பாரு காலத்துக் கிரயப் பத்திரத்தில் கோயமுத்தூர் ஜில்லா. 1984 பாகப்பிரிவினையில் பெரியார் மாவட்டம். பிறகு ஒரு அடமானப் பத்திரத்தில் ஈரோடு மாவட்டம். இப்போதைய பட்டாவில் திருப்பூர் மாவட்டம். 1979, 1996, 2009 என்று மூன்று முறை பெயர் மாறியதில் நகராத ஒரே பூமி நாலு பூமியாகி நின்றது. மாவட்டத்தைத் தூக்கிவிட்டுத் தாலுகாவிலிருந்து ஆரம்பித்தேன்.

இதெல்லாம் முடிந்து ஓடவிட்டபோது பதில்: பாத்தியம் இல்லை.

ஏனென்று பார்த்தால் 2003 படல். பூட்டியதை நான் இடைத்தடை என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் 1984 ஜூன் முதல் 2003 மார்ச் வரை 18 வருசம் 9 மாசம். அக்டோபர் 2003 முதல் மார்ச் 2023 வரை 19 வருசம் 5 மாசம். இந்தப் பக்கமும் இருபது இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. எதிர்க்கட்சி எதிருரையில் எழுதியிருந்ததும் இதே கணக்குத்தான்.

மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு 15ஆம் பிரிவுக்குக் கீழே இருக்கும் இரண்டாவது விளக்கத்தைக் காட்டினார். அடைத்துவிட்டால் மட்டும் அது தடையாகாது. அடைத்தது தெரிந்த பிறகும் உரிமைக்காரர் ஒரு வருசம் அதைப் பொறுத்துக்கொண்டு கம்மென்று இருந்திருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது தடை. ஏழு மாசம் போதாது. ஆக 1984 முதல் 2023 வரை ஒரே நீளம்.

"செரி, வருசத்த எண்ணுனீங்க. எங்க முடியுதுன்னு பாத்தீங்ளா?"

பார்க்கவில்லை. அந்த இருபது வருசம், பிராது போட்ட நாளுக்கு முந்தைய இரண்டு வருசத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டுமாம். அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது, நான்தான் தாண்டிப் படித்துவிட்டேன். 2023 மார்ச்சுக்கும் 2024 ஆகஸ்டுக்கும் 17 மாசம். பிழைத்தார்கள். இன்னும் ஏழெட்டு மாசம் பேச்சுவார்த்தை பேச்சுவார்த்தை என்று இழுத்திருந்தால் முப்பத்தொன்பது வருசமும் வீண்.

தேதிக் கணக்கு சரியானதும் இன்னொரு ஓட்டை தெரிந்தது. மேலே இருக்கும் விதியில் `\+` என்று ஒரு குறி இருக்கிறதே, அதற்கு அர்த்தம் 'இல்லை' என்பதல்ல, 'இருப்பதாக என்னால் காட்ட முடியவில்லை' என்பது. ப்ரோலாக்குக்கு இரண்டும் ஒன்று. விரிதாளில் வெளிப்படை என்ற கட்டத்தை யாரும் நிரப்பாமல் விட்டால், 'வெளிப்படை இல்லை' என்று முடிவு கட்டி வாதியைத் தோற்கடிக்கிறது. இடைத்தடைக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால், 'தடை இல்லை' என்று வைத்துக்கொண்டு வாதியை ஜெயிக்க வைக்கிறது. ஒரே மௌனம், ஒரு இடத்தில் வாதிக்கு எதிரி, ஒரு இடத்தில் சிநேகிதன். எங்கே எது என்பதை நான் விதி எழுதிய தோரணை முடிவு செய்கிறது, சட்டம் அல்ல.

சில இடத்தில் இது பொருந்தத்தான் செய்யும். பிரிட்டன் குடியுரிமைச் சட்டத்திலேயே அநாதையாகக் கண்டெடுக்கப்பட்ட பச்சைக் குழந்தைக்கு, மாறாகக் காட்டப்படாத வரை அந்த நாட்டில் பிறந்ததாகக் கொள் என்று ஒரு விதி இருக்கிறது. அங்கே மௌனம் குழந்தை பக்கம். அது சட்டமே சொல்லிக் கொடுத்தது. நம் கட்டங்களில் அப்படி யாரும் சொல்லவில்லை.

ப்ரோலாக்கைத் தேதிக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாதங்களை வேறு விதமாக எழுத ஆரம்பித்தேன். ஃபான் மின் துங் என்கிற வியட்நாம்காரர் 1995இல் எழுதிய கட்டுரை, வாதங்களைக் கம்ப்யூட்டரில் கணக்காக்கும் துறையின் அஸ்திவாரம். அவர் செய்தது ஒரு துணிச்சலான வேலை. வாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், வாதம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, எது எதைத் தாக்குகிறதோ அதற்கு ஒரு அம்பு, அவ்வளவுதான் என்றார். பிறகு கணக்கு எளிது. யாரும் தாக்காத வாதம் நிற்கும். நிற்கிற வாதம் எதைத் தாக்குகிறதோ அது விழும். தன்னைத் தாக்கியவை எல்லாம் விழுந்துவிட்டால் அந்த வாதமும் எழுந்து நிற்கும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, இனி ஒன்றும் மாறாது என்கிறபோது மிச்சம் இருப்பவை தொங்கல். பைத்தானில் நாற்பது வரி கூட வரவில்லை.

இரண்டு தரப்புக் காகிதங்களிலிருந்து 23 வாதம், 31 அம்பு எடுத்தோம். மாமா சொல்லச் சொல்ல நான் சாளைத் திண்ணையில் சாக்கட்டியால் போட்டது. ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வாரி இறைக்கும் நேரம், காகிதத்தில் போட்டால் நிற்காது.

இந்த வேலையில் சுவாரஸ்யமானது, நம் பக்கத்து வாதங்களே ஒன்றை ஒன்று தாக்குவது. பிராதில் ஒரு பத்தியில் 'இட்டேரியே இரு குடும்பத்துக்கும் பொது' என்று இருக்கிறது. அடுத்த பத்தியில் 'அவர் பூமியில் எமக்குத் தட பாத்தியம்' என்று இருக்கிறது. தன் சொந்தப் பூமியில் நடக்க எவனுக்கும் ஈஸ்மென்ட் வேண்டியதில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். திண்ணையில் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருபுறமும் அம்பு போட்டபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் அத டைப்படிச்ச காலத்துல நெம்பத் தடவ பாத்திருக்கறனப்பா. இப்பிடிப் படமாப் பாத்ததில்ல," என்றார்.

அவசியத்தால் வரும் பாத்தியம் என்பது வேறு வாதம். பாகம் பிரிக்கும்போது ஒருத்தர் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கு வழியாகப் போயே ஆக வேண்டும் என்றால் 13ஆம் பிரிவு அந்த வழியைக் கொடுக்கும், இருபது வருசம் எல்லாம் கேட்காது. ஆனால் 41ஆம் பிரிவு ஒரே வரியில், அவசியம் தீர்ந்தால் பாத்தியமும் தீர்ந்தது என்கிறது. 2019 பஞ்சாயத்து ரோட்டு மூலையை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அந்தப் புள்ளி விழுந்தது. அந்த மூலையில் வண்டி திரும்ப இடமில்லை, வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது என்று ஒரு எதிர் அம்பு போட்டுப் பார்த்தோம். அதற்குக் கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வந்து இடம் பார்த்து அளந்து அறிக்கை தரவேண்டும். அதுவரை எழுதி வைத்த ஆசை மட்டும்தான்.

ஓடவிட்டதில் 9 நின்றது, 8 விழுந்தது, 6 தொங்கியது. தொங்கிய ஆறில் ஐந்து, ஒன்றின் தலையில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஒன்று தேங்காய்.

கெழக்காலத்துக்காரர் சொல்வது: தடத்தில் போக வர நாங்கள் அனுமதி கொடுத்தோம், அதற்கு ஈடாக வருசம் இருபது தேங்காய் வாங்கிக்கொண்டோம். அனுமதியின் பேரில் நடந்தது எத்தனை வருசமானாலும் அனுமதிதான், உரிமையோடு நடந்ததாகாது. மேக்காலத்துக்காரர் சொல்வது: அண்ணன் வீட்டுக்குத் தம்பி வீட்டுப் பொங்கல் சீர் அது, தடத்துக்கும் தேங்காய்க்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒன்றை ஒன்று தாக்குகின்றன. மூன்றாவதாக வந்து ஒன்றை அடித்துப் போட ஆளில்லை. ஆகவே தொங்கல்.

துங் கட்டுரையிலேயே இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இப்படி முட்டிக்கொண்டால் உலகத்தை இரண்டாகப் பிரித்துக்கொள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை நம்பு, என்ன ஆகிறது பார். அப்படிப் பார்த்தால் ஒரு உலகத்தில் மேக்காலம் ஜெயிக்கிறது, மற்றதில் தோற்கிறது. மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இதச் சொல்றதுக்கு நாலு மாசமாயா?" என்றார்.

ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குக் கதவு திறந்தது. சாட்சியச் சட்டத்தில் ஒரு சங்கதிக்கு இரண்டு நிலை கிடையாது, மூன்று. நிரூபிக்கப்பட்டது. பொய்யென்று நிரூபிக்கப்பட்டது. நிரூபிக்கப்படவில்லை. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த சட்டத்திலேயே தனித்தனியாக இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் அந்த மூன்றை அப்படியே வைத்திருக்கிறது. நிற்கிறது, விழுந்தது, தொங்கல் என்று நான் நாற்பது வரியில் கண்டுபிடித்ததாக நினைத்தது குமாஸ்தா மேசையில் ஒன்றரை நூற்றாண்டாகக் கிடக்கிறது. ப்ரோலாக்கில் நான் பட்ட அவஸ்தையெல்லாம் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது.

தொங்கலாக நின்றால் யாருக்குச் சேதம் என்பதைச் சொல்வது நிரூபணச் சுமை. பழைய சட்டத்தில் 101, புதியதில் 104. பாத்தியம் கேட்டு வந்தவர்தான் அதைக் காட்ட வேண்டும். அதோடு நின்றால் தேங்காய் மேக்காலத்துக்காரரைக் கவிழ்த்துவிடும். ஆனால் தனியாக ஒரு சங்கதியைச் சொல்லி அதை நம்பு என்பவர் தலையில் அந்தச் சங்கதியின் சுமை. அனுமதி கொடுத்தோம் என்று சொன்னது கெழக்காலம். ஒரே தேங்காயை இரண்டு சுமை இரண்டு பக்கம் இழுக்கின்றன. 2007இல் தாமஸ் கார்டன், ஹென்றி பிராக்கன், டக்ளஸ் வால்டன் மூவரும் கார்னியடீஸ் என்று ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் எவ்வளவு நிரூபணம் போதும் என்று தனித்தனியாகக் குறித்து வைக்கலாம். அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு விரிதாளில் 'சுமை' என்று ஒரு பத்தி சேர்த்தேன். நம்முடையது சிவில் வழக்கு என்பதால் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டெல்லாம் காட்ட வேண்டாம், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தராசு சாய்ந்தால் போதும். ஆனால் தராசு எவ்வளவு சாய்ந்தது என்று என் புரோகிராமுக்குத் தெரியாது. அதற்கு எண் கொடுக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். கிளுவை வேலி ஓரம் நின்று சாட்சி சொல்லும் கிழவிக்கு 0.6 என்று போட எனக்கு மனசு வரவில்லை. எதிர்க்கட்சி 0.4 என்று போடும், அப்புறம் அந்த எண்ணுக்கு ஒரு வழக்கு.

முன் தீர்ப்புகளை வைத்து வாதாடும் வழியையும் ஒரு வாரம் பார்த்தேன். எட்வினா ரிஸ்லாண்டும் கெவின் ஆஷ்லியும் 1980களில் தொழில் ரகசிய வழக்குகளுக்காக ஹைப்போ என்று ஒன்று செய்தார்கள். வழக்கின் அம்சங்களைப் பிரித்து, எது யாருக்குச் சாதகம் என்று பார்த்து, கிட்டத்தில் இருக்கும் பழைய வழக்கை எடுத்துக் கொடுக்கும், எதிர் உதாரணமும் காட்டும். மாமா கொண்டுவந்த 14 தீர்ப்பைக் கையால் பிரித்துப் போட்டேன். தேங்காய் மாதிரி விஷயங்கள் தீர்ப்பில் அரை வரியில்தான் வருகின்றன, பல நேரம் வருவதே இல்லை. விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்து அரட்டைப் பொறி ஒன்றையும் கேட்டேன். தட பாத்தியத்துக்கு அருமையாக ஒரு தீர்ப்பு, வருசம், பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுத்தது. மாமா பழைய ஆபீசுக்குப் போய் அந்த வருசத்துச் சட்ட ஏட்டைப் புரட்டிவிட்டு வந்தார். அந்தப் பக்கத்தில் வாடகைக் கட்டட வழக்கு ஒன்று இருந்ததாம். 2023இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இப்போது புரோகிராமை வேறு கேள்வி கேட்க வைத்திருக்கிறேன். யார் ஜெயிப்பார் என்று கேட்பதில்லை. தொங்கலில் இருக்கும் எந்தப் புள்ளி நின்றால் முடிவு மாறும், அதற்கு எந்த ஆதாரம் இல்லை என்று ஒரு தாள் அச்சடிக்கும். அதில் முதல் வரி: 'தடத்தில் நடக்காத யாருக்காவது தேங்காய் போயிருக்கிறதா?'

மாமா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒறம்பரை வீட்டுக்குப் போனார். அட்டாலியில் கிடந்த டிரங்குப் பெட்டியில் அவர்கள் ஆத்தா எழுதின வரவு செலவு நோட்டு. கரையான் அரித்தது போக 1991, 1994, 1995 தை மாசப் பக்கங்கள் மிச்சம். மூன்று வருசமும் பொங்கல் சீர் என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கோயில் பண்டாரத்துக்கு 5, துணி வெளுக்கிறவருக்கு 5, தெக்காலத் தோட்டத்துக்கு 5, நாசுவர் வீட்டுக்கு 5, பெரியவீட்டுக்கு 20.

"ஆச்சுங் மாமா, சீர்தான்னு எழுத்திலயே இருக்குதே," என்றேன்.

"எல்லாத்துக்கும் அஞ்சு, அவியளுக்கு மட்டும் எதுக்குடா இருவதுன்னு அந்த வக்கீல் கேப்பான்ல?"

நோட்டை ஒரு புள்ளியாகச் சேர்த்து, அதற்கும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருபுறமும் அம்பு போட்டு ஓடவிட்டேன். தொங்கல் ஆறு ஏழாகியிருக்கிறது. அடுத்த வாய்தாவுக்குள் அண்ணன் வீட்டுக்கு மற்ற நோம்பிகளுக்கு என்ன போனது என்று பார்க்க வேண்டும். தீபாவளிப் பக்கங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிழலில் காயப்போட்டிருக்கிறோம்.